ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ நம்ம ஊர்க் காதுக்கு ஒட்டுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனைப் பற்றி 2025-ல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, அவருடைய 1982 ஆல்பமான ‘நெப்ராஸ்கா’வைத் தேடிக் கேட்டிருக்கிறீர்கள். பத்துப் பாட்டும் ஒரே பாட்டு மாதிரி இருக்கிறது, கிடாரும் மவுத் ஆர்கனும் விட்டால் ஒன்றுமில்லை, கொலையும் வேலையிழப்புமாக ஒரே இருட்டு. இதை நம் ஆட்கள் யாராவது உண்மையிலேயே ரசிக்கிறார்களா, இல்லை பெயருக்காகச் சொல்கிறார்களா என்று கேட்கிறீர்கள்.

ரசிக்கிறார்கள், ஆனால் எல்லாரும் இல்லை. பிடிக்காதவர்கள் சொல்லும் காரணங்கள்தான் எனக்கு அதிகச் சுவாரசியம். மதுரையில் நான் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன், மைக் செட் என்றால் எல்லாருக்கும் புரியும். முகூர்த்தம், திருவிழா இல்லாத நாட்களில் குடோனில் ஸ்பீக்கர் சரிபார்க்கும்போது எனக்குப் பிடித்ததைத்தான் ஓடவிடுவேன். அதனால் கேட்கவேண்டும் என்று நினைக்காமலேயே இந்த ஆல்பத்தைக் கேட்டவர்கள் என்னைச் சுற்றி நிறையப் பேர்.

இருட்டாக இருக்கிறது என்பதற்காக அவர்களில் ஒருவரும் இதை ஒதுக்கவில்லை. சோகம் நமக்குப் புதுசா என்ன? பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுந்த நல்லதங்காள் கதையை விடிய விடிய உட்கார்ந்து கேட்ட சனம் இது. அந்தக் கிணறு இதுதான் என்று வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் இன்றைக்கும் காட்டுவார்கள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனுக்கு மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தடியிலேயே சன்னதி. ஆக, சாவும் ரத்தமும் பிரச்சினை இல்லை. இடறுவது வேறொன்று, அதை என் அம்மாதான் சரியாகப் பிடித்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், எந்த வீட்டில் இழவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு முன்வரிசையில் உட்காருபவர். முதல் பாட்டின் கதையைத் தமிழில் சொல்லிவிட்டுப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “இம்புட்டுப் பேரைக் கொன்னுருக்கான், ஏன்டா இவன் அழவே மாட்டேங்கிறான்?” என்றார்.

அந்த ஆல்பத்தைப் பற்றி நான் படித்த பல விமர்சனங்களைவிட இது மேல். அந்தப் பாட்டு நிஜ ஆளைப் பற்றியது. நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரத்தைச் சேர்ந்த சார்லஸ் ஸ்டார்க்வெதர் என்ற பத்தொன்பது வயதுப் பையன், 1957 டிசம்பரில் ஒருவரையும் அடுத்த மாதம் பதினான்கு வயதுக் காதலியைக் கூட வைத்துக்கொண்டு இன்னும் பத்துப் பேரையும் கொன்றான். 1959-ல் மின்சார நாற்காலியில் அவன் கதை முடிந்தது. ஸ்பிரிங்ஸ்டீன் அதை அவன் வாயாலேயே, ‘நான்’ என்று பாடுகிறார். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. வருத்தப்படவுமில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டதற்குக் கொடுக்கிற பதிலும் பதில் மாதிரி இல்லை.

எங்கள் பக்கத்தில் கொலைச்சிந்து என்று ஒன்று இருந்தது. மட்டமான தாளில் அச்சடித்த சின்னப் புத்தகம், சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் ரயிலிலும் பாடிக்கொண்டே விற்பார்கள். எங்கோ நடந்த நிஜக் கொலைதான் விஷயம். கடவுள் வாழ்த்தில் தொடங்கி, ஊர் பேர் சொல்லி, வெட்டு குத்தை விலாவாரியாகப் பாடி, கோர்ட் தீர்ப்பு வரைக்கும் போய், கடைசியில் ‘ஆகையால் சனங்களே’ என்கிற தோரணையில் புத்திமதியோடு முடியும். தாத்தா வாங்கிய சில பிரதிகள் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்தன. அதையும் நெப்ராஸ்காவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் ஒன்றே: நிஜக் கொலை, மெனக்கெடாத மெட்டு, ஒற்றைக் குரல். ஆனால் சிந்து பாடுகிறவர் நம் பக்கம் நின்று பாடுகிறார், கொலைகாரனைத் திட்டுகிறார், நம்மைப் பரிதாபப்படச் சொல்கிறார். இந்த மனுஷன் ஒன்றுமே சொல்லாமல் கதையை நம் மடியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். அதை என்ன செய்வது என்று தெரியாத அவஸ்தையைத்தான் பலர் ‘போர்’ என்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

சத்தம் சரியில்லை என்பது அடுத்த புகார். இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன். 1982 ஜனவரியில் நியூஜெர்சியின் கோல்ட்ஸ் நெக்கில், வாடகை வீட்டுப் படுக்கையறையில் பதிவானது இது. டாஸ்காம் கம்பெனி அப்போது புதுசாக விட்டிருந்த போர்டாஸ்டுடியோ 144, சாதாரண கேசட்டில் நான்கு டிராக், அதாவது நான்கு சத்தங்களைத் தனித்தனியாகப் பதிகிற பெட்டி. ஷூர் எஸ்எம்57 மைக் இரண்டு. எதிரொலி சேர்க்க ஒரு டேப் எக்கோ. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து இறக்கியது பானசோனிக் டேப் ரெக்கார்டர் ஒன்றில். பேண்ட் ஆட்களுக்குக் காட்டுவதற்காகச் செய்த மாதிரிப் பதிவுதான். பிறகு பெரிய ஸ்டுடியோவில் குழுவோடு வாசித்துப் பார்த்தார்கள், அவருக்குத் திருப்தி வரவில்லை. உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுச் சுற்றிய அந்தக் கேசட்டையே ஆல்பமாக வெளியிடுவது என்று முடிவானபோது, அதை இசைத்தட்டாக வெட்டுவதற்குள் இன்ஜினியர்களுக்கு நாக்கு தள்ளிவிட்டது.

என் பார்ட்னருக்கு இங்கிலீஷ் பாட்டென்றாலே ஆகாது. “என்னப்பா, டேப் இரைச்சல் அப்படியே கேக்குது, இதுக்கா காசு கொடுத்து வாங்குனாய்ங்க” என்றான். எஸ்எம்57 என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தான், ஏனென்றால் நாங்கள் தவிலுக்கு வைப்பது அதே மைக். அப்புறம் எக்கோ. நம்ம ஊரில் எக்கோ இல்லாமல் ‘ஹலோ மைக் டெஸ்ட்டிங்’ சொன்னால் விழாக் கமிட்டிக்காரர் பில்லில் கை வைப்பார். நாம் எக்கோவைக் கூட்டத்தைப் பெரிதாகக் காட்டத்தான் போடுகிறோம், இந்த ஆள் தனியாக இருப்பதைக் காட்டப் போட்டிருக்கிறான் என்றான் அவன். இதுக்கு மேல் ஒரு ஒலிக்காரன் பாராட்ட முடியாது. பாட்டு பிடித்ததா என்றால், இல்லை.

எங்களோடு வேலை பார்க்கும் கல்லூரிப் பையன் கதை வேறு. அவன் போனிலேயே பாட்டுப் பதிகிறவன். இரைச்சலை ஆப்பில் காசு கொடுத்துச் சேர்க்கிற தலைமுறை, அதனால் இந்தச் சத்தம் அவனுக்குப் பழசாகவே தெரியவில்லை. பாதிப் பாட்டுகளைத் தள்ளிவிட்டு ‘ஸ்டேட் ட்ரூப்பர்’ ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். ராத்திரி வண்டியோட்டுகிற ஒருவன், போலீஸ் தன்னை நிறுத்திவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே போகிற பாட்டு. கிடார் ஒரே இடத்தில் துடித்துக்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு ஊளை வரும். அந்த ஊளைக்கு அவன் ஒவ்வொரு முறையும் சிரித்தான். பயத்தில்தான் என்று நினைக்கிறேன்.

‘ஜானி 99’-ஐப் பற்றி என் சித்தப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கார்த் தொழிற்சாலை மூடிப்போய், கடன் ஏறி, குடித்துவிட்டு ஒருவனைச் சுட்டவனுக்கு 98-ம் ஒன்றும் சேர்த்து 99 வருஷம் தண்டனை. பாட்டில் வரும் மாவா என்ற ஊரில் ஃபோர்டு தொழிற்சாலை நிஜமாகவே 1980-ல் மூடப்பட்டது. சித்தப்பா இங்கே ஒரு பஞ்சாலையில் இருந்தவர், அதுவும் மூடிவிட்டது. அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்துத்தான் கதையைச் சொன்னேன். கோபம்தான் வந்தது. “வேலை போனா சுட்டுருவாய்ங்களா? எத்தனை பேரு வீட்டுக்குப் போனோம், ஒருத்தன் ஒரு கல்லெடுத்து எறிஞ்சிருப்பானா? வட்டிக்கு வாங்கி, டீக்கடை போட்டு, புள்ளைகளப் படிக்க வச்சோம். அதப் பாடச் சொல்லு.” நியாயமான பேச்சு. பாடகர் கொலையை நியாயப்படுத்தவில்லை என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அந்தப் பாட்டின் மெட்டு வேறு துள்ளலாக இருக்கும், அது அவருக்கு இன்னும் எரிச்சல். இதை யோசித்தபோது, சுட்டவன் கதைக்குப் பாட்டு கிடைக்கிறது, சுடாமல் இருந்தவனுக்குக் கிடைப்பதில்லை என்பது இந்த ஆல்பத்தின் மேல் வைக்கத்தக்க உருப்படியான குறை என்று எனக்கும் தோன்றியது. விதிவிலக்கும் உண்டு, ‘யூஸ்டு கார்ஸ்’ மாதிரி. அப்பா பழைய கார் வாங்குவதைக் கூச்சத்தோடு பார்க்கும் பையன், யாரும் யாரையும் சுடுவதில்லை.

ஆனால் எல்லாருக்கும் பிடித்த பாட்டு ஒன்று உண்டு, ‘ஹைவே பட்ரோல்மேன்’. ஜோ ராபர்ட்ஸ் என்ற போலீஸ்காரன், அவன் தம்பி ஃபிராங்கி. தம்பி பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வந்தவன், எப்போதும் ஏதாவது வம்பு. அண்ணன் விவசாயம் பார்த்தவன், கோதுமை விலை விழுந்து நிலம் கைவிட்டுப் போக, போலீஸ் வேலைக்கு வந்தவன். ஒரு ராத்திரி சாலையோர பாரில் ஒரு பையன் ரத்த வெள்ளத்தில் கிடக்கிறான், செய்தது தம்பி. அண்ணன் விரட்டுகிறான். கனடா எல்லை நெருங்கும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, தம்பி வண்டியின் சிவப்பு விளக்கு மறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவ்வளவுதான். இதைச் சொல்லி முடித்தால் நம் பக்கத்தில் ஒருத்தரும் ‘புரியவில்லை’ என்று சொல்வதில்லை. அண்ணன் தம்பி, நிலம், உத்தியோகம், குடும்ப மானம் எல்லாம் நம்ம வீட்டு விவகாரம். சொந்தத்தில் மச்சான் ஒருவர் போலீஸில் இருக்கிறார். கதையைக் கேட்டுவிட்டு முதலில், “வயர்லெஸ்ல சொல்லாம எப்படி விரட்டுனான்? மெமோ கொடுத்துருவாய்ங்க” என்று சட்டம் பேசினார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடச் சொன்னார். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் 1983-ல் இதைத் தன் ஆல்பத்தில் பாடினார், 1991-ல் நடிகர் ஷான் பென் இதை வைத்து ஒரு படமே எடுத்தார்.

அமெரிக்காவிலும் வரவேற்பு ஒரே மாதிரி இல்லை. 1980-ல் வந்த ‘தி ரிவர்’ அங்கே முதலிடம் பிடித்த ஆல்பம். அடுத்து அதைவிடப் பெரிய சத்தத்தை எதிர்பார்த்தவர்கள் கையில் 1982 செப்டம்பர் 30 அன்று இதைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? மூன்றாம் இடம் வரைக்கும் போனது, அதுவே ஆச்சரியம். அவர் கச்சேரிச் சுற்றுப்பயணம் எதுவும் போகவில்லை. அதே கேசட்டில் இருந்த இன்னொரு பாட்டுதான் பின்னால் குழுவோடு, ஊர் அதிர, ‘பார்ன் இன் த யு.எஸ்.ஏ.’ என்று 1984-ல் வந்தது. குழுவோடு வாசித்துக் கிடப்பில் போட்ட நெப்ராஸ்கா பதிவுகளும் 2025-ல் வெளியாகிவிட்டன. கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டிரம்ஸ் வந்தவுடன் கதை பாதி ஓடிவிடுகிறது.

சரி, உங்களுக்கு. வரிசையாகக் கேட்காதீர்கள். என் அனுபவத்தில், கதை தெரியாமல் கேட்டவர்கள்தான் ‘ஒரே பாட்டு’ என்றார்கள், தெரிந்துகொண்டு கேட்டவர்கள் சண்டைக்காவது வந்தார்கள். ஐந்தாவது பாட்டான போலீஸ்காரனில் தொடங்குங்கள், பாடல் வரிகளை முதலில் படித்துவிடுங்கள். அடுத்து ‘அட்லாண்டிக் சிட்டி’, இருப்பதில் மெட்டு சட்டென்று ஒட்டுவது அதுதான். களைப்பாக இருந்தால் ‘ஓப்பன் ஆல் நைட்’, எலக்ட்ரிக் கிடார் உள்ள ஒரே பாட்டு, கொஞ்சம் மூச்சு விடலாம். முதல் பாட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில், வெளிச் சத்தத்துக்கு நடுவில் கேட்டுவிட்டு மட்டும் தீர்ப்பு சொல்லாதீர்கள், பாதிக் குரல் ஹாரனிலேயே போய்விடும். இவ்வளவுக்கும் அப்புறம் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், என் சித்தப்பா கட்சியில் சேர்ந்துகொள்ளலாம். அங்கேயும் ஆள் இருக்கிறது.