மகள் சோலார் செல் ஆராய்ச்சிக்குப் போகலாமா?

எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கப்போகும் உங்கள் மகள், கரிம சூரிய மின்கலத்தில் (பிளாஸ்டிக் போன்ற கார்பன் சேர்மங்களால் ஆன சோலார் செல்) பிஎச்.டி. செய்ய விரும்புகிறார். "படித்துவிட்டு எந்த கம்பெனிக்குப் போவாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. கரிம மின்கலம் தயாரிக்கும் தொழிற்சாலை வேலையை மட்டும் நம்பி இதில் இறங்க வேண்டாம். கூரைகளில் இருப்பது சிலிக்கான். அதை இது சீக்கிரத்தில் இறக்கிவிடாது.

ஆனால் அவர் அங்கே கற்கப்போகும் வேலையைப் பாருங்கள். பாலிமர் ஒன்றையும் எலக்ட்ரானை ஏற்கும் இன்னொரு பொருளையும் குளோரோஃபார்ம் போன்ற கரைப்பானில் கரைத்து, வேகமாகச் சுழலும் கண்ணாடியில் விட்டால் சுமார் 100 நானோமீட்டர் தடிமனில் படலம் படியும். வெளிச்சம் பட்டு உண்டாகும் எக்ஸிட்டான் (பிணைந்தே திரியும் எதிர், நேர் மின்னூட்ட ஜோடி) 10 நானோமீட்டர் அளவுக்குத்தான் நகரும். அதற்குள் இரு பொருள்களும் தொடும் இடம் வந்துவிட வேண்டும், அங்கேதான் அந்த ஜோடி பிரியும், இல்லாவிட்டால் அந்த ஆற்றல் வீண். சரி, நன்றாகக் கலந்துவிட்டால் போதுமா? போதாது. பிரிந்த மின்னூட்டங்கள் மின்முனைக்குப் போக ஒவ்வொன்றுக்கும் தொடர்ச்சியான பாதை வேண்டும். கரைப்பான் காயும் வேகம், துளி அளவில் சேர்க்கும் டைஅயோடோஆக்டேன் என்ற துணைப்பொருள், பிறகு சூடுபடுத்தும் வெப்பநிலை ஆகியவற்றை மாற்றி மாற்றித்தான் திறனை, அதாவது விழும் வெளிச்சத்தில் மின்சாரமாகும் பங்கை, கூட்டுகிறார்கள். புதிய மூலக்கூறும் கைகொடுக்கும்: 2019இல் சீனாவின் சாங்ஷாவில் உருவான ஒய்6 என்ற எலக்ட்ரான் ஏற்கும் மூலக்கூறு ஒரே தாவலில் 15.7% காட்டியது. இன்று ஆய்வகத்தில் 20 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டார்கள். அது நகக்கண் அளவு செல்லில் கிடைத்த எண் என்பதையும் கவனியுங்கள். பெரிய பரப்பில் பூசினால் திறன் குறையும், வெயிலிலும் ஈரத்திலும் நாளாக ஆகத் தேயும். இனிமேல் செய்ய வேண்டிய ஆராய்ச்சி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

மெல்லிய படலத்தைக் கட்டுக்குள் வைக்கத் தெரிந்தவருக்குத் திரை, சென்சார், பூச்சு, பெரோவ்ஸ்கைட் (இன்னொரு புதுவகை சோலார் செல் பொருள்) என்று பல கதவுகள் உண்டு.

முதலில் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கச் சொல்லுங்கள், மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும், உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டாம். அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களான திருவனந்தபுரம் என்.ஐ.ஐ.எஸ்.டி., புனே என்.சி.எல்., அல்லது ஐஐடி கான்பூர் போன்ற இடங்களைப் பார்க்கலாம். நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டி முக்கியம். ஆய்வகத்தில் கிளவ் பாக்ஸும் (காற்றும் ஈரமும் புகாத வேலைப்பெட்டி) சோலார் சிமுலேட்டரும் (வெயில் போன்ற ஒளி தரும் சோதனை விளக்கு) சொந்தமாக இருக்கின்றனவா, முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்து இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அங்கே படிப்பவர்களிடமே அவர் விசாரிக்கட்டும். பேராசிரியரிடம் மட்டும் கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்!