என் பெயர் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால்?

கேள்வி: எனக்கு வயது 51. பிறந்தது முதல் சபைக்குப் போகிறவள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் அங்கே ஒரு சீர்திருத்த சபைக்குப் போகிறான். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அவனுக்கும் என் கொழுந்தனுக்கும் சாப்பாட்டு நேரத்தில் பெரிய வாக்குவாதம். கொழுந்தன் பெந்தெகொஸ்தே சபைக்காரர். "உலகம் உண்டாவதற்கு முன்பே தேவன் சிலரைத் தெரிந்துகொண்டார், அதாவது தேர்ந்தெடுத்தார், அவர்கள்தான் விசுவாசிப்பார்கள்" என்கிறான் மகன். "அப்படியானால் ஊழியம் எதற்கு? மனுஷன்தான் தீர்மானம் எடுக்க வேண்டும்" என்கிறார் கொழுந்தன். கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, "நீங்கள் எப்போது இரட்சிக்கப்பட்டீர்கள், தேதி சொல்லுங்கள்" என்றார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தாலே, நான் தெரிந்துகொள்ளப்பட்டவள் இல்லையென்றால் இந்த ஜெபம் வீண்தானே என்று தோன்றுகிறது. மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. என் மூத்த குழந்தை பிறந்து 19-வது நாளில், ஞானஸ்நானம் கொடுக்கும் முன்பே இறந்துபோனது. அதைப் பற்றியும் யாரிடமும் கேட்க முடியவில்லை.
- ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

குழந்தையைப் பற்றிக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதத்தான் இவ்வளவு நீளமாக எழுதினீர்களோ என்று எனக்குத் தோன்றியது, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தெரிந்துகொள்ளுதலை விளக்கும் ஐந்து கோட்பாடுகள் என்று உங்கள் மகன் அடிக்கடி சொல்லியிருப்பான். அது சீர்திருத்த சபைகள் பின்பற்றும் 16-ஆம் நூற்றாண்டுப் போதகர் கால்வின் தன் கையால் எழுதிய பட்டியல் இல்லை. அவர் 1564-லேயே இறந்துவிட்டார். நெதர்லாந்தில் ஆர்மீனியஸ் என்ற போதகரின் சீடர்கள் 1610-ல் கால்வினைப் பின்பற்றியவர்களின் உபதேசத்துக்கு எதிராக ஐந்து குறிப்புகளாகத் தங்கள் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்தார்கள், அதற்குப் பதில் சொல்ல 1618 நவம்பரில் டார்ட் நகரத்தில் ஒரு சங்கம் கூடி அடுத்த வருஷம் மே வரை உட்கார்ந்து பேசியது. அந்தப் பதில்தான் பிற்பாடு ஐந்து கோட்பாடுகள் ஆனது. தெரிந்துகொள்ளுதலைப் பற்றி இதைவிடக் கறாராகப் பேசிய அறிக்கைகள் குறைவு. அதே அறிக்கையில், முதல் பிரிவின் 17-வது பகுதியில், விசுவாசிகளின் பிள்ளைகள் சிசுவாயிருக்கும்போதே தேவன் எடுத்துக்கொண்டால், அந்தப் பிள்ளைகளின் தெரிந்துகொள்ளுதலையும் இரட்சிப்பையும் குறித்துப் பெற்றோர் சந்தேகப்பட வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் என்று அங்கே ஒரு நிபந்தனையும் இல்லை. தேவனுடைய உடன்படிக்கையைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். ஐந்து கோட்பாடுகளை மனப்பாடமாகச் சொல்லும் எத்தனையோ பேர் இந்தப் பகுதியை வாசித்திருக்க மாட்டார்கள். மகனிடம் எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், வாய்விட்டு, உங்கள் முன்னால்.

உங்கள் கொழுந்தனிடம் கேட்டாலும் அவரும் குழந்தை கர்த்தரிடத்தில் இருக்கிறது என்றுதான் சொல்வார். தாவீதின் பிள்ளை ஏழாம் நாளில் இறந்தது. அதற்குப் பிறகு அவன் சொன்னது: "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை." நீங்களும் போவீர்கள். சாப்பாட்டு மேசையில் அவ்வளவு சண்டை போட்ட இரண்டு பேரும் இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நிற்பார்கள், அவர்களிடம் இதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, தேதிக்கு வருவோம்.

எனக்கு 17 வயதிருக்கும்போது எங்கள் ஊர்ப்பக்கம் வருஷா வருஷம் ஒரு கன்வென்ஷன் நடக்கும். தென்னங்கீற்றுப் பந்தல், தரையில் விரித்த தார்ப்பாய், கடைசி நாள் இரவு செய்தி முடிந்ததும் விளக்குகளைப் பாதியாகக் குறைத்துவிட்டு, "இன்று தீர்மானம் எடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்பார்கள். நான் நான்கு வருஷமும் கையை உயர்த்தினேன். நான்கு முறையும் அட்டையில் பெயர் எழுதிக் கொடுத்தேன். நான்காவது முறை அட்டை வாங்கிய அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "போன வருஷம் எடுத்தது உண்மையான தீர்மானம் இல்லையா தம்பி?" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னைப் பல வருஷம் படுத்தி எடுத்தது, ஏனென்றால் என் இரட்சிப்பு முழுவதும் என் தீர்மானத்தின் தரத்தில் தொங்குகிறது என்று அன்று முடிவு செய்துவிட்டேன். போன வருஷம் அழுதேன், இந்த வருஷம் அழுகை வரவில்லை, அப்படியானால் எது உண்மை? இதற்கு முடிவே கிடையாது.

அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஒரே ஊர், பிலிப்பி. சிறைச்சாலைக்காரனுக்கு நடுராத்திரியில் பூமியதிர்ச்சி, உருவிய பட்டயம், நடுக்கம், அந்த இரவிலேயே ஞானஸ்நானம். அவனிடம் கேட்டால் தேதி என்ன, மணியே சொல்வான். ஆனால் அவனுக்கு முன்பே ஆற்றங்கரையில் லீதியாள் என்ற வியாபாரி உட்கார்ந்து பவுல் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், அவள் இருதயத்தைக் கர்த்தர் திறந்தருளினார் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. சத்தமே இல்லை. தீமோத்தேயு இன்னும் மெதுவாக வந்தவன்: பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள், அப்புறம் அவன், சிறுவயது முதல் வேத எழுத்துகளை அறிந்தவன். அவனுக்குப் பவுல் இரண்டு கடிதம் எழுதினார், தேதி கேட்கவே இல்லை. ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்து, திடப்படுத்தல் எடுத்து, 19 நாள் குழந்தையைப் புதைத்த பிறகும் அடுத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே கோயிலுக்குப் போன உங்களிடம் தேதி கேட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்போது அந்தப் பெரிய கேள்வி. தேவன் முன்னமே தெரிந்துகொண்டாரா, இல்லை நாம் விசுவாசிப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாரா?

நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்க விரும்பவில்லை. என் விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் உங்கள் மகன் சொல்வதுதான் சரியென்று படுகிறது. கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு என்று எபேசியர் 2:8 சொல்கிறது, நான்கு அட்டை எழுதிக் கொடுத்தவனுக்கு அந்த வசனம் எவ்வளவு பெரிய இளைப்பாறுதல் என்று சொல்லி முடியாது. ஆனால் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்று கேட்டால் நான் உங்கள் கொழுந்தனோடு சேர்ந்துகொள்வேன். எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட அவர் சித்தமுள்ளவராயிருக்கிறார் என்று தீமோத்தேயுவுக்குத்தான் எழுதியிருக்கிறது, அதைச் சுற்றிவளைத்து வேறு அர்த்தம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த இரண்டையும் பசை போட்டு ஒட்ட நான் பலகாலம் முயன்றேன். இப்போது இரண்டையும் அப்படியே நம்புகிறேன்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் வந்த சிக்கலும் இல்லை. நம் ஊர் வைணவர்களில் வடகலையாரும் தென்கலையாரும் இதே இடத்தில்தான் பிரிந்தார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது, பூனைக்குட்டியைத் தாய் வாயில் கவ்விக்கொண்டு போகிறது, பக்தன் இதில் எந்தக் குட்டி என்று நூற்றாண்டுக் கணக்காக விவாதித்தார்கள். கிருபையைப் பற்றி யோசிக்கிறவர்கள் எல்லாரும் ஒருநாள் இந்த முச்சந்திக்கு வந்துதான் தீர வேண்டும் போலிருக்கிறது.

ஆனால் உங்கள் பயம் இந்த விவாதத்திலிருந்து வரவில்லை. பரலோகத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருப்பதாகவும், அதில் உங்கள் பெயரைத் தேட உங்களுக்கு அனுமதி இல்லை என்பதாகவும் ஒரு காட்சி உங்கள் மனதில் விழுந்திருக்கிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் மாதிரி. அந்தப் பட்டியலைத் தேடிப் போகாதே என்று எச்சரித்தவரே கால்வின்தான். 1559-ல் வந்த அவருடைய பெரிய நூலின் கடைசிப் பதிப்பில், தேவனுடைய இரகசியத் தீர்மானத்துக்குள் துருவிக்கொண்டு போகிறவன் வெளியே வர வழியில்லாத சிக்கலுக்குள் மாட்டிக்கொள்வான் என்கிறார், உன் தெரிந்துகொள்ளுதலைப் பார்க்க வேண்டுமானால் கிறிஸ்துவைப் பார், அவர்தான் அதைக் காட்டும் கண்ணாடி என்றும் சொல்கிறார். டார்ட் அறிக்கையின் 16-வது பகுதியும் உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதியது போல இருக்கும்: உயிருள்ள விசுவாசத்தை இன்னும் பலமாக உணராதவர்கள், ஆனாலும் ஜெபத்தையும் வசனத்தையும் விடாதவர்கள், தெரிந்துகொள்ளப்படாமல் கைவிடப்பட்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு மிரள வேண்டாம், தங்களை அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளவும் வேண்டாம் என்கிறது. நெருங்குகிறவர்களை மிரட்ட இந்த உபதேசம் எழுதப்படவில்லை.

ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்றைப் பற்றி நாம் பாடுகிறோமே, அதை ஆங்கிலத்தில் எழுதியவர் வில்லியம் கூப்பர். 1773 ஆரம்பத்தில் அவருக்கு ஒரு கனவு வந்தது, எல்லாம் முடிந்துவிட்டது, உனக்கு இரட்சிப்பு இல்லை என்று. அதை அவர் நம்பிவிட்டார். 1800-ல் சாகும்வரை, 27 வருஷம், தான் தள்ளப்பட்டவன் என்ற எண்ணம் அவரை விடவில்லை. அவருடைய போதகராகவும் நண்பராகவும் இருந்தவர் ஜான் நியூட்டன், முன்னாள் அடிமைக் கப்பல் தலைவர், தெரிந்துகொள்ளுதலை முழுமனதோடு நம்பியவர். அவர் கூப்பரை உட்கார வைத்து, உன் பெயர் இருக்கிறதா இல்லையா என்று ஆராயவில்லை. தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய் ஒரு வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டார். நியூட்டன் செய்த அந்த வேலையை நான் எந்தப் பிரசங்கத்தைவிடவும் மதிக்கிறேன். கூப்பருடைய வியாதி மனதின் வியாதி. தான் தள்ளப்பட்டவன் என்று அவர் உணர்ந்தது எவ்வளவு நிஜமோ, அந்த ஊற்றில் அவருக்கு இடம் இருந்ததும் அவ்வளவு நிஜம் என்று நான் நம்புகிறேன்.

அதனால்தான் இதையும் சொல்கிறேன்: மூன்று மாதமாகத் தூக்கமில்லை என்றால் அது ஆவிக்குரிய பிரச்சினை மட்டும் என்று விட்டுவிடாதீர்கள். மாதவிடாய் நிற்கும் வயதும் இதுதான், பழைய துக்கமும் கிளறப்பட்டிருக்கிறது. ஒரு மருத்துவரைப் பாருங்கள், அவர் மனநல மருத்துவரிடம் அனுப்பினால் கூச்சப்படாமல் போங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைச்சல் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஜெபம் வீண்தானோ என்று கேட்டீர்கள். பிதாவானவர் எனக்குக் கொடுக்கிறயாவும் என்னிடத்தில் வரும், என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை. யோவான் 6:37. முதல் பாதியை உங்கள் மகன் அடிக்கோடிட்டிருப்பான், இரண்டாம் பாதியைக் கொழுந்தன். ஆண்டவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நீங்கள் செய்ய வேண்டியது வருவது மட்டும்தான். விசுவாசம் பலமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று, பிசாசு பிடித்த தன் பிள்ளைக்காக இயேசுவிடம் வந்து அழுத தகப்பனுக்குக் கிடைத்தது முழுப் பதில். இன்று இரவு இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுப் படுத்துவிடுங்கள், அதற்கு மேல் எதையும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

அப்புறம் வீட்டுச் சண்டை. மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய இங்கிலாந்துப் பிரசங்கி வெஸ்லி உங்கள் கொழுந்தன் பக்கம், அவருடைய நண்பர் ஒயிட்ஃபீல்டு உங்கள் மகன் பக்கம்; இருவரும் இதே விஷயத்தில் 1740 வாக்கில் அச்சிலேயே மோதிக்கொண்டார்கள், கூட்டங்கள் இரண்டாகப் பிரிந்தன. ஆனாலும் ஒயிட்ஃபீல்டு 1770-ல் இறந்தபோது லண்டனில் அவருக்கு நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி, அது ஒயிட்ஃபீல்டின் விருப்பமே. நீங்கள் இருப்பது தென்னிந்தியத் திருச்சபை என்றால், 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், கொங்கிரிகேஷனல் எல்லாரும் சேர்ந்து உண்டாக்கிய சபை அது. வெஸ்லியின் வாரிசுகளும் கால்வினின் வாரிசுகளும் அன்றிலிருந்து ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடுகிறார்கள். கொழுந்தனுக்கும் மகனுக்கும் உங்கள் வீட்டு மேசையில் அது முடியாதா என்ன.

மகனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். 24, 25 வயதில் ஒரு பெரிய சத்தியம் கையில் கிடைத்தால் எல்லார்மேலும் அதைப் பிரயோகித்துப் பார்க்கத்தான் தோன்றும். உலகத்தோற்றத்துக்கு முன்னே என்ற வார்த்தை தனக்கு என்ன செய்தது என்று அவன் சாட்சியாகச் சொன்னால் கேளுங்கள், அது அருமையாகத்தான் இருக்கும். அதை வைத்து அம்மாவை அளக்க அவனுக்கு அதிகாரம் இல்லை, இதை நீங்களே நேரடியாகச் சொல்லலாம்.

அடுத்த முறை வரும்போது ரோமர் 9-ஐ அவனோடு உட்கார்ந்து வாசியுங்கள். அவன் வழக்கமாக 11-ஆம் வசனத்தில், யாக்கோபு ஏசாவிடம் ஆரம்பிப்பான். முதல் மூன்று வசனங்களைத் தாண்ட விடாதீர்கள். தெரிந்துகொள்ளுதலைப் பற்றி எழுத உட்கார்ந்த பவுல், தன் இனத்தாருக்காக மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் தனக்கு உண்டு என்றும், அவர்களுக்காகத் தானே சபிக்கப்பட்டவனாகவும் தயார் என்றும் சொல்லிவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்கிறார். அந்த இடம் வந்ததும் நிறுத்தி, உங்கள் மூத்த பிள்ளையைப் பற்றி அவனிடம் பேசுங்கள். அவனுக்கு ஒரு அண்ணனோ அக்காளோ இருந்ததை எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா?