நாக்பூரா, நெதர்லாந்தா என்பது இரண்டாவது கேள்வி

கேள்வி: காரைக்குடிப் பக்கம் சொந்த ஊர். சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.டெக். முடித்து ஓராண்டு ஆகிறது. கழிவுநீரைச் சுத்திகரிப்பது, அதிலிருந்து உரம், உப்பு, எரிவாயு போன்றவற்றை மீட்டெடுப்பது ஆகியவற்றில் பிஎச்.டி. செய்ய ஆசை. இங்கேயே செய்யலாமா, வெளிநாடு போகலாமா? உதவித்தொகை எப்படி? சாக்கடையில் என்ன ஆராய்ச்சி என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பதில்:

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். "இவ்வளவு படித்துவிட்டுச் சாக்கடைதானா கிடைத்தது?" என்று என் அப்பத்தாவும் கேட்டார். அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பதில் ஒரு பிளம்பர் கையில் இருந்தது. தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆண்கள் சிறுநீர் கழிக்கும் இடத்துக் குழாய் அடைத்துக்கொண்டது. அவர் அறுத்தெடுத்த பி.வி.சி. துண்டைப் பார்த்தேன். இரண்டு அங்குலக் குழாயில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம். மற்றதெல்லாம் வெள்ளையும் பழுப்புமாக, விரல் நகத்தால் சுரண்டினாலும் உதிராத படிவு. "உப்பு, தம்பி. ஆசிட் ஊற்றினால்தான் போகும்" என்றார்.

அந்த உப்பில் பெரும்பங்கு ஸ்ட்ரூவைட். மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் ஒன்றுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சேரும் படிகம். கொஞ்சம் கால்சியம் பாஸ்பேட்டும் கலந்திருக்கும். வயலில் போட்டால் மெதுவாகக் கரைந்து பயிருக்குப் போகிற உரம். நம் நாடு பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதியைக் கப்பலில் வரவழைக்கிறது. அதே பாஸ்பேட் மண்டபத்துக் குழாயில் உட்கார்ந்துகொண்டு நமக்கு ஆசிட் செலவு வைக்கிறது. துண்டைக் கழுவி எடுத்துப்போய் அப்பத்தாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொல்லையில் வாழைக்கு அடியில் போட்டுப் பார்" என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்கும் ஒரு குழாய்த் துண்டு தேடிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்வி. இங்கேயா வெளிநாடா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. அது தெரியாமல் ஊர் தேடுவது, மாப்பிள்ளை யாரென்று முடிவாகாமல் மண்டபம் பிடிப்பது போல.

நான் இதைக் கற்றுக்கொள்ள ஓராண்டு வீணாயிற்று. இத்துறையில் 'செயற்கைக் கழிவுநீர்' என்று ஒன்று உண்டு. காய்ச்சி வடித்த நீரில் அம்மோனியம் குளோரைடையும் பொட்டாசியம் பாஸ்பேட்டையும் அளந்து போட்டுக் கலக்கினால் கழிவுநீர் தயார். நாற்றமில்லை, நுரையில்லை. அதில் மெக்னீசியத் தகட்டை நேர்மின்முனையாக வைத்து மின்சாரம் செலுத்தினேன். தகடு கரைந்து மெக்னீசியம் தருகிறது, எதிர்முனையில் ஹைட்ரஜன் குமிழிட்டுக் காரத்தன்மை ஏறுகிறது, ஸ்ட்ரூவைட் வெள்ளை வெளேரென்று அடியில் படிகிறது. பாஸ்பேட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மீண்டது. கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது ஓர் அண்ணன், ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர், "புதுவயலில் இத்தனை அரிசி ஆலை இருக்கிறது. அங்கே ஒரு கேன் பிடித்து வந்து அதே சோதனையைச் செய்துவிட்டு எழுதேன்" என்றார். புழுங்கல் அரிசிக்கு நெல்லை வெந்நீரில் ஊறவைத்து அவிப்பார்கள். ஊறல் தொட்டியிலிருந்து இறக்கிவிடும் தண்ணீர் வெல்லப்பாகை நிறைய நீர் விட்டுக் கரைத்தது போன்ற நிறத்தில், புளித்த கஞ்சி வாடையோடு வரும். இருபது லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் மூக்கைச் சுளித்து என்னவென்று கேட்டார். சொன்னேன். "இதைத் தொலைக்கத்தான் அவர்கள் படாத பாடு படுகிறார்கள். நீ லக்கேஜ் டிக்கெட் எடுத்துக் கொண்டுபோகிறாயா?" என்றார். என் ஆய்வேட்டுக்கு வந்த முதல் மதிப்புரை என்று அதைத்தான் சொல்வேன்.

அந்தத் தண்ணீரில் மீட்சி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. தகடு சரியில்லை என்று இரண்டு மாதம் தகட்டோடு மல்லுக்கட்டினேன். கோளாறு வேறு இடத்தில் இருந்தது. நெல் தவிட்டில் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற கரிமச் சேர்மமாக இருக்கிறது. மொத்த பாஸ்பரஸ் என்று அளந்தால் கணக்கில் வரும். ஸ்ட்ரூவைட்டாகப் படியச் சொன்னால் படியாது, ஏனென்றால் அது தனி பாஸ்பேட்டாக இல்லை. போதாக்குறைக்கு ஆலையின் போர்வெல் தண்ணீரில் கால்சியம் தாராளம். மெக்னீசியத்துக்குப் போக வேண்டிய பாஸ்பேட்டைக் கால்சியம் பிடித்துக்கொண்டது. கரைந்திருந்த மாவும் புரதமும் தகட்டின்மேல் ஏடு போலப் படிந்து மின்சாரத்தைத் தடுத்தன. பிறகு அந்தத் தண்ணீரை முதலில் காற்றில்லாத் தொட்டியில் நுண்ணுயிர்களிடம் விட்டோம். அவை ஃபைட்டேட்டை உடைத்து பாஸ்பேட்டை விடுவித்தன, கூடவே மீத்தேனும் கிடைத்தது. அதன் பிறகுதான் மின்முனைக்கு வேலை. என் ஆய்வேட்டில் உருப்படியாக இருக்கும் இரண்டு அத்தியாயங்களும் அந்தக் கேனிலிருந்து வந்தவை. முதலாண்டுத் தொண்ணூறு சதவீதம் பின்னிணைப்பில் ஓர் அட்டவணையாகக் கிடக்கிறது.

சரி, நம் பக்கம் என்னென்ன தண்ணீர் இருக்கிறது? அரிசி ஆலையைச் சொல்லிவிட்டேன். கல்யாண மண்டபங்களும் பஸ் நிலையங்களும் இன்னொன்று. வீட்டுக் கழிவுநீரின் கன அளவில் சிறுநீர் சுமார் ஒரு சதவீதம்தான்; ஆனால் அதிலுள்ள நைட்ரஜனில் ஐந்தில் நான்கு பங்கும் பாஸ்பரஸில் பாதியளவும் அந்த ஒரு சதவீதத்திலிருந்து வருகின்றன. கலப்பதற்கு முன்பே பிரித்தால் வேலை எளிது. முசிறியில் 2000-களின் பிற்பகுதியில் சிறுநீரைத் தனியே பிரிக்கும் பொதுக் கழிப்பறை கட்டி, பயன்படுத்துவோருக்குக் காசும் கொடுத்தார்கள். சேர்ந்ததை உரமாகப் பயிருக்கு விட்டுச் சோதித்தார்கள். உள்ளூரிலேயே நடந்ததை டர்பன், சூரிச் கட்டுரைகள் வழியாகத் தெரிந்துகொண்டவன் நான். ஸ்ட்ரூவைட்டுக்கு மெக்னீசியம் விலை கொடுத்து வாங்க வேண்டும். வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் அது மண்டிக்கிடக்கிறது. அந்த நீரையும் இந்த நீரையும் சேர்த்தால் செலவு எங்கே நிற்கும் என்று ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டால் அதுவே ஓர் ஆய்வேடு. எனக்கு நேரமில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரித்துவைப்பது என்றதும் நம் ஊர் வீடுகள் நினைவுக்கு வருகின்றன. ஓட்டுக் கூரையிலிருந்து முற்றத்தில் இறங்கும் மழையை அண்டாவில் பிடிப்பார்கள், மிச்சம் வாரி வழியாக ஊருணிக்குப் போகும், அடுப்படித் தண்ணீர் கொல்லை வாழைக்குப் போகும். ஒரு கருத்தரங்கில் இதைச் சொன்னால் கைதட்டுவார்கள். நானும் ஒருமுறை சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். ஆனால் அதே வீடுகளின் பின்கட்டில் எடுப்புக் கழிப்பறை இருந்தது, அதை ஒரு மனிதர் வந்து கையால் அள்ளிக்கொண்டு போனார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றும் செப்டிக் தொட்டியில் இறங்கி ஆள் சாகிற செய்தி வருகிற நாட்டில் இந்தத் துறைக்கு வருகிறீர்கள்.

இடங்களுக்கு வருவோம். வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். சாயநீரை மின்சாரத்தால் தெளியவைப்பது, உப்புநீரிலிருந்து அமிலமும் காரமும் பிரிப்பது போன்றவற்றில் ஆர்வமிருந்தால், மின்வேதியியல் கற்க நாட்டில் இதைவிடப் பொருத்தமான கூரை குறைவு. நுண்ணுயிர்ப் பக்கமும் ஆலை அளவிலான சுத்திகரிப்பும் வேண்டுமென்றால் நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம். அதற்குச் சென்னையிலும் ஒரு மையம் உண்டு. தோல் கழிவுநீரில் குரோமியம் மீட்பதென்றால் சென்னையின் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். வள மீட்பு என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே அதைச் செய்தவர்கள் அவர்கள். இந்த மூன்றிலும் பட்டம் ஆக்சிர் (AcSIR) என்ற, இத்தகைய மத்திய ஆய்வு நிறுவனங்களுக்குப் பொதுவான பட்டம் வழங்கும் அமைப்பின் வழியாக வருகிறது. ஆண்டுக்கு இருமுறை, ஜனவரிக்கும் ஆகஸ்டுக்கும் சேர்க்கை. ஐ.ஐ.டி. மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம், திருச்சி என்.ஐ.டி. ஆகியவை உங்களுக்கே தெரியும்.

திருப்பூரையும் மறக்காதீர்கள். 2011-இல் சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு அந்த ஊர் மாறியது. தண்ணீரையும் சாயமேற்றும் உப்பையும் திரும்ப எடுக்கிறார்கள். எடுக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது. அந்த மூட்டைக்கு வழி சொல்கிறவரை அங்கே தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள்.

பணம்: 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு வந்ததும் 42,000, அதோடு வீட்டு வாடகைப் படி. நெட் தேர்வு எழுதியோ கேட் தேர்வு மதிப்பெண்ணோடோ வாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ஏதாவது ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்து ஆறு மாதம் வேலை பார்க்கலாம். அதில் ஒரு லாபமும் உண்டு: கல்யாணத்துக்கு முன்பே மாமியார் வீட்டைப் பார்த்துவிடலாம். வழிகாட்டியின் கட்டுரைப் பட்டியலைப் பார்ப்பதைவிட அவருடைய மாணவர்களிடம் இரண்டு விஷயங்கள் கேளுங்கள். எத்தனையாவது ஆண்டில் ஆய்வேடு கொடுத்தார்கள்? அயனி அளக்கும் கருவி ஓடுகிறதா? நான் நேர்முகத்துக்குப் போன ஓர் ஆய்வகத்தில் அந்தக் கருவி திருவிழா இல்லாத நாளில் உற்சவர் இருப்பது போலத் துணி போர்த்தி இருந்தது. தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வெளிநாடு போவதில் எனக்கு மனத்தடை எதுவும் இல்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போன ஊர்க்காரர்கள் நாம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இத்துறைக்கு ஒரு பெரிய கோயில். காற்றே ஊதாமல் அம்மோனியாவை நைட்ரஜனாக்கும் அனமாக்ஸ் நுண்ணுயிர்களுக்கு அங்கேதான் தொட்டில் கட்டினார்கள். 2002-இல் ராட்டர்டாமில் முதல் முழு அளவு ஆலை வந்தது. அதே நாட்டில் லேவார்டனில் உள்ள வெட்ஸஸ் என்ற மையம், நிறுவனங்களின் பணத்தோடு தண்ணீர் ஆராய்ச்சி மட்டுமே நடத்துகிறது. சுவிட்சர்லாந்தின் ஏவாக் என்ற நீர் ஆய்வு நிறுவனத்தில் சிறுநீரிலிருந்து ஆரின் என்ற திரவ உரத்தைச் செய்து, காய்கறிகளுக்கும் போடலாம் என்று அரசிடம் அனுமதியும் வாங்கிவிட்டார்கள். இந்த நாடுகளில் முனைவர் பட்டம் என்பது சம்பள வேலை. காலியிடம் அறிவிப்பார்கள், வேலைக்கு விண்ணப்பிப்பது போல விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக்கு அருகில் என்றால் சிங்கப்பூர், அதற்கு சிங்கா என்ற உதவித்தொகை இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் இடங்களுக்கு, சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், இடம் தரும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. ஏஜென்ட் சொன்னார் என்று கடன் வாங்கி அங்கே இரண்டாவது முதுகலை படிக்கப் போனவர்கள், போன இடத்திலேயே அந்தத் தகுதியை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். இங்கிருந்தபடியே விண்ணப்பியுங்கள்.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது "தங்கள் ஆராய்ச்சியால் பெரிதும் ஈர்க்கப்பட்டேன்" என்று தொடங்காதீர்கள். அவருக்கு அப்படி நாளைக்குப் பத்து வரும். "எங்கள் ஊர் அரிசி ஆலையின் ஊறல் நீரை மூன்று முறை எடுத்து அளந்தேன். மொத்த பாஸ்பரஸ் இவ்வளவு, அதில் தனி பாஸ்பேட் இவ்வளவுதான். மிச்சத்தை விடுவிக்க உங்கள் முறை உதவுமா?" என்று நான்கு வரி எழுதுங்கள். எனக்குப் பதில் வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் இந்த வகை. உங்கள் கல்லூரி ஆய்வகத்திலேயே இதை அளக்கலாம். பெரிய கருவி வேண்டாம்.

தை, மாசியில் அறுவடை நெல் வந்து இறங்கும். ஆலைகள் இரவும் பகலும் ஓடும். அப்போது போங்கள். முதலாளியைக் கேட்டால் மாசுக்கட்டுப்பாட்டு ஆளோ என்று பயப்படுவார். யார் என்ன என்று சொல்லிவிட்டு, அவித்துக்கொண்டிருக்கும் அண்ணனிடம் எப்போது தண்ணீர் இறக்குவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேனை வாய்வரை நிரப்பாதீர்கள், வழியில் புளித்துப் பொங்கும். ஐஸ் பெட்டி எடுத்துப்போங்கள். தரை வழுக்கும், ரப்பர் செருப்பு போதாது.