அக்காவுக்கு 121, தம்பிக்கு 94

அன்புள்ள ஐயா,

மகனுக்கு எட்டு வயது. கணக்கில் பின்தங்குகிறான் என்று பள்ளியில் சொன்னதால் ஐக்யூ பரிசோதனை எடுத்தோம். 94 வந்தது. அவன் அக்காவுக்கு 121. எனக்குத் தூக்கமே இல்லை. இவன் நன்றாகப் படிப்பானா, சந்தோஷமாக இருப்பானா? பள்ளியை மாற்றிவிடலாமா?

ஒரு அம்மா, திருச்சி

அன்புள்ள அம்மா,

94 குறைவே இல்லை. சராசரியை 100 என்று வைத்து, மூன்றில் இரண்டு பங்குப் பேர் 85க்கும் 115க்கும் நடுவில் வரும்படிதான் இந்த அளவையே அமைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் நன்றாகத் தூங்கி எழுந்து போனால் நாலைந்து புள்ளி கூடலாம், குறையவும் செய்யலாம்.

படிப்புக்கும் ஐக்யூவுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆறுதலுக்காகச் சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆனால் மதிப்பெண்களில் பிள்ளைக்குப் பிள்ளை தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறைய கால் பங்குக்குத்தான் அது காரணம் சொல்கிறது. சொல்லிக்கொடுக்கும் டீச்சர், தூக்கம், வீட்டு நிலவரம், தினமும் உட்கார்ந்து படிக்கும் பழக்கம் எல்லாம் மீதியில் வருகின்றன.

சந்தோஷம்? ஸ்காட்லாந்தில் 1932-இல் 11 வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோருக்கும், 87,000 பேருக்கு மேல், ஒரே நாளில் அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள். அவர்களில் சில நூறு பேரை எண்பது வயதை நெருங்கும்போது தேடிப்பிடித்து, வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். சின்ன வயதில் எடுத்த மதிப்பெண்ணுக்கும் அந்தத் திருப்திக்கும் தொடர்பு தெரியவில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்த 121தான். இந்த இரண்டு எண்களும் பிள்ளைகளுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் தயவுசெய்து தெரியவே விடாதீர்கள், உறவுக்காரர்கள் காதிலும் போட வேண்டாம். தெரிந்துவிட்டது என்றால், இன்றைக்கே அவனை மடியில் உட்காரவைத்துப் பேசுங்கள், ஏனென்றால் தன்னால் முடியாது என்று எட்டு வயதில் நம்பிவிட்ட பிள்ளை கணக்கு நோட்டைத் திறக்கவே பயப்படும்.

1905-இல் பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினே என்ற உளவியலாளர் இந்த மாதிரிச் சோதனையை உருவாக்கியதே, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். அதற்கே நீங்களும் பயன்படுத்துங்கள். அறிக்கையில் மொத்த எண்ணுக்குக் கீழே சொல்வளம், நினைவில் வைத்துக்கொள்வது, வேகம் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். எது இறங்கியிருக்கிறது என்று சோதித்தவரிடமே கேளுங்கள். வேகம் மட்டும் குறைவு என்றால் அவனுக்கு வேண்டியது கூடுதல் நேரம்தான். அப்புறம், கண்ணையும் காதையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பள்ளியை மாற்றுவதா? இந்த எண்ணுக்காக வேண்டாம். கணக்கு டீச்சர் அவனைத் திட்டுகிறாரா, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறாரா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.