தொண்டை கல்ச்சரில் கிருமி வந்தால் குழந்தைக்கு நிமோனியாவா?

மூன்று வயதுப் பையனுக்குச் சளி, இருமல். தொண்டை கல்ச்சரில் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே' என்று வந்திருக்கிறது, ஆன்டிபயாடிக் கொடுத்தே ஆகவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம்.

புதுச்சேரியில் ஒரு லேபில் கல்ச்சர் பார்ப்பதுதான், அதாவது தொண்டையிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுத்த மாதிரியில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கடலூர், பாகூர்ப் பக்கமிருந்தெல்லாம் இதே கேள்வியோடு வருவார்கள். ரத்தம் கலந்த அகார் கூழ் ஊற்றிய தட்டில் இந்தக் கிருமி வளர்ந்தால் சுற்றிலும் பச்சை படரும். இன்னொரு நாள் விட்டால் நடுவில் குழிந்து கேரம் காய் மாதிரி ஆகிவிடும். இந்தக் கிருமியை அடையாளம் காட்டும் ஆப்டோசின் என்ற மருந்து வில்லையை வைத்தால் அதன் பக்கத்தில் வளராது. ஆக, கிருமி எது என்று சொல்லிவிடலாம். இருமலுக்குக் காரணம் அதுதானா என்று தட்டு சொல்லாது. இதுவும் ஹீமோபிலஸ் இன்புளூயன்சே என்ற இன்னொரு பாக்டீரியாவும் நன்றாக ஓடியாடும் பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலுமே இருப்பவை. சின்னப் பிள்ளைகள் நெஞ்சுச் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள், அதனால் அது சோதனைக்குக் கிடைக்காது. பஞ்சுக்குச்சி தொடுவது தொண்டையை மட்டும்தான், நுரையீரலை அல்ல.

பெரிய ஆட்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். 1892-இல் ஃபைஃபர் என்ற ஜெர்மன் கிருமியியல் அறிஞர் ஃப்ளூ நோயாளிகளின் சளியில் ஹீமோபிலஸைக் கண்டு, ஃப்ளூவுக்கே அதுதான் காரணம் என்றார். உண்மையான காரணம் ஒரு வைரஸ்; மனிதரிடமிருந்து அதைப் பிரித்தெடுத்தது 1933-இல். அந்தப் பாக்டீரியாவுக்கு 'இன்புளூயன்சே' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது!

ரத்த கல்ச்சரில் உங்கள் பையனுக்கு வந்த இதே நிமோனியே கிருமி வந்தால் கதையே வேறு. உடனே சிகிச்சை வேண்டும். தொண்டை வலி, காய்ச்சலோடு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் என்ற வேறு கிருமி வந்தாலும் அலட்சியம் கூடாது, பின்னால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கலாம்.

மற்றபடி ரிப்போர்ட்டை விட்டுவிட்டுப் பையனைப் பாருங்கள். அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் போனால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்வாங்கினாலோ, தண்ணீர்கூடக் குடிக்காவிட்டாலோ நேரே ஆஸ்பத்திரிதான். இதெல்லாம் இல்லாத சளி பெரும்பாலும் வைரஸ், ஆன்டிபயாடிக் அதற்கு வேலை செய்யாது. போன முறை மிச்சமிருந்த சிரப்பை எடுத்து ஊற்றாதீர்கள்.

அப்புறம், தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். இந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியேவுக்கு எதிரான நிமோகாக்கல் ஊசி ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். விட்டுப்போயிருந்தால் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அதையும் கேட்டுவிடுங்கள்.