துளை போட்ட தகடு எப்போது துப்பாக்கி ஆகிறது?

கேள்வி: டாலஸ் பக்கம் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். படித்தது மெக்கானிக்கல். துப்பாக்கிக் கண்காட்சி ஒன்றில் என் நண்பர் (அமெரிக்கக் குடிமகன்) ஏகே ரக ரைஃபிளின் ரிசீவருக்கான (சுடும் பாகங்களைத் தாங்கும் கூடு) தட்டைத் தகடு ஒன்றை வாங்கினார். விற்றவர் அடையாள அட்டைகூடக் கேட்கவில்லை, தகட்டில் சீரியல் நம்பரும் இல்லை. நானும் ஒன்று வாங்கி என் கராஜிலேயே செய்து பார்க்கலாமா? அவர் செய்து முடித்ததை ரேஞ்சில் ஒருமுறை சுட்டுப் பார்க்கலாமா?

பதில்: நீங்கள் செய்யக் கூடாது. உங்கள் நண்பர், டெக்சஸில் இருக்கும்வரை, பெரும்பாலும் செய்யலாம். அந்தத் தகட்டை வளைப்பது எப்படி என்பதற்குள் நான் போகப் போவதில்லை. உங்கள் சிக்கல் இரும்பில் இல்லை, பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவில் இருக்கிறது.

1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, ஒரு ரைஃபிளில் 'துப்பாக்கி' என்று கணக்கில் வருவது ரிசீவர்தான். குழலையோ கட்டையையோ ஸ்பிரிங்கையோ தபாலில் வாங்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ரிசீவர் அப்படியில்லை. சீரியல் நம்பர் அதன்மேல்தான் வரும், கடையில் வாங்கினால் பின்னணிச் சோதனையும் அதற்குத்தான். ஆகவே ஒரு வெறும் தகடு எந்தக் கட்டத்தில் ரிசீவர் ஆகிறது என்பதுதான் பல வருடமாக நடக்கும் சண்டை.

2022 ஆகஸ்டில் அமலுக்கு வந்த ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டரசு அமைப்பு) விதி இதற்கு ஒரு கோடு போட்டது. அரைகுறையாக நிற்கும் ரிசீவரை, அதைச் செய்து முடிக்க உதவும் ஜிக் (வேலைக்கு வழிகாட்டும் பிடிப்பான்) அல்லது டெம்ப்ளேட்டோடு சேர்த்து விற்றால், அந்தத் தொகுப்பே ரிசீவர்தான் என்கிறது விதி. அதை எதிர்த்த வான்டெர்ஸ்டாக் வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் விதியை நிலைநிறுத்தியது. எனவே 'அட்டை கேட்கவில்லை, ஆகவே துப்பாக்கி இல்லை' என்ற கணக்கு எப்போதும் சரியாக வராது. அந்தத் தகட்டோடு பெட்டியில் வேறென்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் விஷயம். கூட்டரசுச் சட்டத்தின் 922(ஜி)(5)(பி) பிரிவு, குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைத் தடை செய்கிறது. எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 எல்லாம் இதில் அடக்கம். தகடு தகடாகவே கிடக்கும்வரை வாதாட இடமுண்டு. நீங்கள் அதை ரிசீவராக்கிய அந்த நிமிடமே, தடை செய்யப்பட்ட ஒருவர் கையில் துப்பாக்கி இருக்கிறது. 2022-க்குப் பிறகு இதற்கான உச்சத் தண்டனை 15 ஆண்டு. அதற்குமேல், துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றவரை நாடு கடத்தக் குடியேற்றச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. பத்து வருடமாக வரிசையில் நிற்கும் கிரீன் கார்டு மனு என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

'ரேஞ்சில் ஒருமுறைதானே' என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹாய்ஃப் வழக்கு தொடங்கியதே அப்படித்தான். மாணவர் விசாவில் வந்தவர், மதிப்பெண் போதாமல் கல்லூரி நீக்கிவிட்டது, அதன் பிறகு ஃபுளோரிடாவில் ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். அவ்வளவுதான். தன் குடியேற்ற நிலை அவருக்கே தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் எனத் தீர்ப்பு வந்தது. உங்களுக்கு அந்த வழியும் அடைபட்டுவிட்டது. எச்-1பி என்று நீங்களே எழுதிக் கேட்டிருக்கிறீர்களே.

நண்பருக்கும் இரண்டு வார்த்தை. சொந்தப் பயன்பாட்டுக்குத் துப்பாக்கி செய்ய கூட்டரசு உரிமம் கேட்பதில்லை. விற்கும் நோக்கத்தோடு செய்தால் கதையே வேறு. ஏகே கட்டுபவர்கள் அதிகம் வழுக்கி விழுவது 922(ஆர்) பிரிவில். ருமேனியாவிலிருந்தோ போலந்திலிருந்தோ வரும் பழைய ரைஃபிள்களின் ரிசீவரை டார்ச்சால் அறுத்து, மிச்சத்தை உதிரிபாகக் கிட்டாக விற்கிறார்கள். ஓரம் கருகி உருகிய அந்தத் துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். பட்டியலிடப்பட்ட 20 பாகங்களில் 10-க்குமேல் இறக்குமதியானவையாக இருந்தால் அந்த ரைஃபிளைக் கட்டுவது குற்றம். குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்து நிற்கும். தானாகத் தொடர்ந்து சுடும்படி ஆகிவிட்டால், தவறுதலாக என்றாலும், 1986 மே மாதத்துக்குப் பிறகு தனியாருக்கு அது அறவே கிடையாது. அப்புறம், நியூ ஜெர்சி, நியூயார்க், கலிபோர்னியா பக்கம் அவர் வீடு மாறினால் சீரியல் நம்பர் இல்லாத அந்தப் பொருளைக் காரில் ஏற்றுவதற்கு முன்பே வக்கீலைப் பார்க்கட்டும். அங்கெல்லாம் சட்டம் கடுமை.

முக்கியமாக, அவருடைய வேலையை உங்கள் கராஜில் வைத்துச் செய்ய விடாதீர்கள். சாவி உங்களிடம், பொருள் உங்கள் கூரைக்குக் கீழே என்றால் 'அவருடையது' என்ற பதில் எடுபடாமல் போகலாம்.

மெக்கானிக்கல்காரர் என்பதால் ஒன்று. அந்த 1 மில்லிமீட்டர் தகடு பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும். ஏகே செய்த ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையே 1940-களின் கடைசியில் அதோடு மல்லுக்கட்டி, கழிவு தாங்காமல், கட்டி எஃகைக் கடைந்து ரிசீவர் செய்யும் முறைக்குப் போனது. தகட்டுக்குத் திரும்பியது 1959-இல், ஏகேஎம் என்ற மேம்பட்ட வடிவம் வந்தபோதுதான்.

ஊருக்கு வரும்போது செய்யலாம் என்ற யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகமும், அதைச் செய்யும் இயந்திரமும்கூட 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் வந்துவிடும். உரிமமில்லாமல் துப்பாக்கி தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தபட்சமே 7 ஆண்டு. அதிகபட்சம் ஆயுள்.

ரேஞ்ச் ஆசைக்குச் சட்டத்திலேயே ஒரு கதவு உண்டு. அமெரிக்காவில் முறையாகப் பெற்ற, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விசாக்காரர்களுக்கான தடைக்கு விலக்கு கிடைக்கும். டெக்சஸில் பூங்கா, வனவிலங்குத் துறை அதை வழங்குகிறது. ஆனாலும் உங்கள் குடியேற்ற வக்கீலிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள், வாங்கினால் அதில் தேதியைப் பாருங்கள். டெக்சஸ் வேட்டை உரிமத்தின் ஆண்டு ஆகஸ்ட் 31-இல் முடிகிறது. செப்டம்பர் 1 காலை புதியதை வாங்காமல் ரேஞ்சுக்குப் போனால் அந்த விலக்கு உங்களுக்கு இல்லை.