பண்ணைக் கொடுமையை வீடியோ எடுத்தால் அமெரிக்காவில் ஜெயிலா?

"மாட்டை அடிப்பவனை விட்டுவிட்டு, அதை வீடியோ எடுத்தவரைத் தண்டிக்க அமெரிக்காவில் சட்டம் இருக்கிறதாமே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான், ஆனால் சில மாநிலங்களில் மட்டும்.

ஐடஹோவைப் பாருங்கள். 2012இல் அங்கே ஒரு பால் பண்ணையில் தொழிலாளர்கள் மாடுகளை அடித்து உதைக்கும் ரகசிய வீடியோ வெளியானது. பால் பண்ணையாளர்கள் கொதித்துப்போய்ச் சட்டம் கேட்டார்கள், 2014இல் கிடைத்தது. உரிமையாளர் அனுமதியின்றி உள்ளே படம் எடுத்தால் ஓராண்டு வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். மாட்டை வதைத்தவருக்கோ, முதல் முறை என்றால் அதிகபட்சம் ஆறு மாதம்தான்! இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

யூட்டாவில் இன்னும் மோசம். 2013இல் பொதுச் சாலையோரம் நின்ற ஒரு பெண், இறைச்சிக்கூடத்தில் நோயுற்ற மாடு ஒன்றை டிராக்டரில் குப்பைபோல் அள்ளிப் போவதைப் படம் எடுத்தார். அவர்மீதே வழக்கு! அப்புறம் அதைக் கைவிட்டார்கள். 2017இல் படம் எடுப்பதைத் தடுத்த யூட்டாவின் அந்தச் சட்டமே நீதிமன்றத்தில் ரத்தானது.

ஐடஹோவில் படம் எடுக்கத் தடை விதித்த பகுதி, பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2018இல் மேல்முறையீட்டில் விழுந்தது. ஆனால் கெடுதல் செய்யும் நோக்கத்தோடு பொய் சொல்லி வேலையில் சேர்வது அங்கே இன்றும் குற்றம்தான்.